கல்லூரி நாட்காட்டியும் நம் கடைப் பேரேடும்

ஐப்பசி வந்தால் தீபாவளி, தை பிறந்தால் பொங்கல், ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் தொடங்கும். இதையெல்லாம் வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த வாரம் வெல்லம் ஏற்ற வேண்டும், எந்த வாரம் எண்ணெய் டின் கூடுதலாக இறக்க வேண்டும் என்பது கல்லாவுக்கு மேல் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்காமலே நமக்குத் தெரியும். ஆனால் கடைக்கு எதிரிலோ அடுத்த தெருவிலோ இருக்கிற கல்லூரி என்றைக்குத் திறக்கிறது, என்றைக்குத் தேர்வு முடிந்து விடுதி காலியாகிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? "பசங்க வந்தாத் தெரியுமுங்க, போனாத் தெரியுமுங்க" என்பதுதான் பெரும்பாலோர் பதில். இந்தப் பதிலுக்கு நாம் ஆண்டுதோறும் கொடுக்கும் விலை சிறியதல்ல. அதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

நம் தந்தையர் காலத்தில் கோவை என்றால் பஞ்சாலை. மில் சங்கு ஊதும் நேரம், சம்பளத் தேதி, போனஸ் போடும் வாரம் இவற்றை வைத்துத்தான் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மளிகைக் கடை நடந்தது. கடன் கொடுத்தவருக்குச் சம்பளத் தேதி மனப்பாடம். பின்னர் பல மில்கள் மூடப்பட்டன. அதே சாலைகளில் கல்லூரிகளும் விடுதிகளும் பெருகின. 1945இல் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, 1947இல் பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரி, 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் கோவை தொழில்நுட்பக் கழகம் என்று தொடங்கிய வரிசை இன்று அவிநாசி சாலை, சத்தி சாலை, பாலக்காடு சாலை என்று எத்திசையிலும் நீண்டிருக்கிறது. பொள்ளாச்சியில் 1957இலேயே நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி வந்துவிட்டது. பெருந்துறையில் 1984இல் கொங்கு பொறியியல் கல்லூரி வந்தது. வாடிக்கையாளர் மாறிவிட்டார். ஆனால் மில்லின் சம்பளத் தேதியைத் தெரிந்து வைத்திருந்த நம் தந்தையரைப் போல, கல்லூரியின் தேதிகளை நாம் தெரிந்து வைத்துக் கொள்ளவில்லை.

நாட்காட்டியைப் படிப்பது எப்படி?

ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு கையேடு கொடுக்கிறது. அதில் மாதவாரியாகத் தேதி, கிழமை, 'டே ஆர்டர்', அதற்குப் பக்கத்தில் அன்று வரை ஆன வேலை நாட்களின் எண்ணிக்கை அச்சிட்டிருக்கும். நமக்கு முக்கியமானது அந்தக் கடைசி எண். ஆண்டுக்கு 180 நாள் வகுப்பு, அதாவது செமஸ்டருக்கு 90 நாள் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் அளவுகோல். வாரம் ஆறு நாள் நடத்தினால் பதினைந்து வாரம். ஐந்து நாள் நடத்தினால் பதினெட்டு வாரம். நடுவே எதிர்பாராத விடுமுறை விட்டால் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவார்கள், அல்லது கடைசி வேலை நாள் தள்ளிப் போகும். கையேட்டில் இன்று 60 என்று இருந்தால் இன்னும் 30 நாள்தான் வகுப்பு என்று நாமே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

அந்த 180 என்ற எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஆண்டில் பாதி நாள்தான் வகுப்பு. வார விடுமுறை, தேர்வு நாட்கள் எல்லாம் சேர்த்தாலும் விடுதி முழுதாக நிறைந்திருப்பது ஒன்பது மாதம் இருந்தால் அதிகம். நம் கடை வாடகையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. ஒன்பது மாத வியாபாரத்தில் பன்னிரண்டு மாதச் செலவைப் பார்க்க வேண்டும் என்பது நாட்காட்டி சொல்லும் முதல் பாடம்.

இரண்டாவது, எல்லாக் கல்லூரிக்கும் ஒரே நாட்காட்டி அல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. முன்பு பொறியியல் கல்லூரிகளும் அதன் கீழ்தான் இருந்தன. 2001ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வுத் தேதியைத் தாங்களே வைத்துக் கொள்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு தனி. ஆகவே "காலேஜ் லீவு" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு மாணவர் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, எல்லா மாணவரும் ஒரே நாளில் வருவதுமில்லை, போவதுமில்லை. கலைக் கல்லூரிகள் ஜூன், ஜூலையில் நிறைந்துவிடும். பொறியியல் முதலாண்டு மாணவர் கலந்தாய்வு முடிந்து வருவதற்கு ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. அந்தச் சேர்க்கை வாரத்தில் தாய் தந்தையர் கூடவே வருகிறார்கள். வாளி, குவளை, பூட்டு, துணி காயப்போடும் கயிறு, சோப்பு, ஊறுகாய் எல்லாம் ரொக்கத்துக்குப் போகும். ஜூனிலேயே நூறு வாளி வாங்கி அடுக்கியவர் இடத்தை அடைத்துக் கொண்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மறுபுறம், பொறியியல் கடைசி செமஸ்டரில் நான்காம் ஆண்டு மாணவர் பலர் புராஜெக்ட் வேலை என்று பொங்கலுக்குப் பிறகே வெளியே போய்விடுகிறார்கள். விடுதியில் நான்கில் ஒரு பங்கு தைமாதமே குறைந்து போவதை நாம் சித்திரையில்தான் உணர்கிறோம்.

தீபாவளி நகர்ந்தால் வியாபாரமும் நகரும்

2023இல் தீபாவளி நவம்பர் 12. 2025இல் அக்டோபர் 20. நமக்கு இரண்டும் தீபாவளிதான். விடுதி வியாபாரத்துக்கு அப்படியல்ல. முதல் செமஸ்டர் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. தீபாவளி அக்டோபரில் வந்தால் பிள்ளைகள் ஊருக்குப் போய் வந்து இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பார்கள். நவம்பர் நடுவில் வந்தால் தேர்வுக் காலத்தில் விடுதி காலியாகி மறுபடி நிறையும். சில துறைகளில் முன்னதாகத் தேர்வு முடிந்தவர்கள் திரும்பி வராமலே போய்விடுவார்கள்.

இதன் அளவைச் சிறு கணக்காகப் பார்ப்போம். ஒரு மாணவருக்கு நாளுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்துக் கொண்டால் 400 பேர் உள்ள விடுதிக்கு 120 கிலோ. எட்டு நாள் விடுமுறையைக் கவனிக்காமல் சரக்கு எடுத்தால் 960 கிலோ, அதாவது 26 கிலோ சிப்பம் 37, கிடங்கில் தங்கிவிடும். அரிசியாவது கிடக்கும். ரவையும் மைதாவும் வண்டு வைக்கும். தேங்காய் எண்ணெய் காறல் வாடை அடிக்கும்.

"மளிகைதானுங்க, எங்க போயிரப் போகுது" என்று சொல்பவர்கள் வட்டியை மறந்துவிடுகிறார்கள். ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு இரண்டு மாதம் தேங்கினால், நூற்றுக்கு இரண்டு வட்டியில் இருபதாயிரம் போய்விடும். அந்தச் சரக்கில் நமக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

சரக்கை விடக் கடனே பெரிது

சரக்குத் தேங்கினால் வட்டி நட்டம். கடன் தேங்கினால் முதலே நட்டம். எங்கள் கடைக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியின் மெஸ் ஒப்பந்ததாரருக்கு ஜூன் முதல் சரக்குக் கொடுத்து வந்தோம். பில் தேதியிலிருந்து முப்பது நாள் தவணை. பத்து மாதம் ஒரு நாள் தவறாமல் பணம் வந்தது. ஏப்ரலில் போட்ட பில்களுக்குத் தவணை மே மாதத்தில் விழுந்தது. மே முதல் வாரம் பணம் கேட்கப் போனோம். சமையற்கூடம் பூட்டிக் கிடந்தது. "அவருங்களா? காண்ட்ராக்ட் முடிஞ்சுதுங்களே, வேற ஆளு வர்றாங்க" என்றார் காவலாளி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அதில் பாதிதான் ஓராண்டு அலைந்த பிறகு வந்தது. விடுதி அலுவலகத்தில் கேட்டபோது, பில் ஒப்பந்ததாரர் பெயரில் இருக்கிறது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. தவறு எங்களுடையது. பில் தேதியிலிருந்து எண்ணினோமே தவிர, கடைசித் தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணவில்லை.

எனவே விடுதிக்குச் சரக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பில் யார் பெயரில் என்பதே. சில விடுதிகளை நிர்வாகமும் மாணவர் குழுவும் சேர்ந்து நடத்துகின்றன. மாத மளிகை, காய்கறி, பால், எரிவாயு, சமையலர் கூலி எல்லாவற்றையும் கூட்டி, மாணவர் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஆளுக்கு ஆள் பில் போடுவார்கள். இங்கே நம் கடனாளி கல்லூரி விடுதி. பணம் தாமதமாக வரும். மாணவர் மெஸ் பில் கட்டி, அது கணக்கேறி, பிறகுதான் நமக்குக் காசோலை. ஆனால் வந்துவிடும். ஒப்பந்த முறையில் நம் கடனாளி ஒரு தனி மனிதர். அவருடைய ஒப்பந்தம் கல்லூரி ஆண்டோடு முடிகிறது. நம் தவணை அதைத் தாண்டிப் போகக் கூடாது.

சட்டம் காப்பாற்றும் என்று இருப்பதற்கும் இல்லை. சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களையும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். தாமதப் பணத்துக்கான அந்தப் பாதுகாப்பு வாங்கி விற்கும் நமக்குக் கிடையாது. ஆகவே நம் தவணையை நாம்தான் பார்த்து வைக்க வேண்டும்.

பழைய புதுக்கணக்கு, இன்றைய வழி

இதற்கு வெளியிலிருந்து புதிய வழி எதையும் தேட வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். வணிகர்கள் பழைய பாக்கியைத் தீர்த்துப் புதுக்கணக்குப் போடும் நாட்கள் என்று நம் பெரியவர்கள் இரண்டைச் சொல்வார்கள். ஒன்று ஆயுத பூஜை. மற்றொன்று சித்திரை முதல் நாள். இவற்றைக் கல்லூரி நாட்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயுத பூஜை 2023இல் அக்டோபர் 23ஆம் தேதியும், 2025இல் அக்டோபர் 1ஆம் தேதியும் வந்தது. முதல் செமஸ்டர் தேர்வுக்கு முன் வந்துவிடுகிறது. சித்திரை ஒன்று ஏப்ரல் 14. ஆண்டுத் தேர்வுகள் முடிந்து விடுதி காலியாவதற்கு முன் வந்துவிடுகிறது. நம் பெரியவர்கள் செமஸ்டரை நினைத்து இந்நாட்களை வைக்கவில்லை. ஆனாலும் பொருத்தம் அமைந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக் கொள்வதில் என்ன தவறு?

விடுதிக் கணக்கு எதுவானாலும் ஆயுத பூஜைக்கும் சித்திரை ஒன்றுக்கும் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று சரக்குக் கொடுக்கத் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடலாம். பங்குனி பிறந்ததும் தவணையைப் பதினைந்து நாளாகக் குறைக்க வேண்டும். சித்திரை ஒன்றுக்குப் பிறகு ரொக்கம் மட்டுமே. "ஏனுங்க, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று ஒப்பந்ததாரர் கேட்பார். "நம்பிக்கை இருக்குதுங்க, இது எங்க கடை வழக்கமுங்க" என்று சொல்வதற்கு நமக்கு ஒரு மரபு இருக்கிறது. நேற்று நாமே போட்ட விதியைச் சொல்வதை விட இது மரியாதையானது. மனம் கோணாமல் கேட்பார்கள்.

அறை எடுத்துத் தங்கிச் சமைக்கும் மாணவர்களுக்கு நோட்டுப் போட்டுக் கொடுக்கும் சிறு கடைக்காரருக்கும் இதையே சொல்வோம். தேர்வு அட்டவணை ஒட்டும் வாரத்தில் நோட்டை முடித்துவிடுங்கள். தேர்வு நாட்களில் பிரெட், பிஸ்கட், வாழைப்பழம், டீத்தூள் நன்றாகப் போகும். அதை ரொக்கத்துக்கே கொடுங்கள். படிக்கிற பிள்ளையைத் தேர்வுக்கு முந்தின நாள் தெருவில் நிறுத்திக் கடன் கேட்பது நமக்கும் அழகல்ல, அந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல. முன்கூட்டியே முடித்துவிட்டால் அந்தச் சங்கடமே வராது.

நாட்காட்டி பொய்த்தால்?

"அவங்களே தேதிய மாத்தீர்றாங்க, நாம பார்த்து என்ன பண்றதுங்க?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப் போயின. பல்கலைக்கழகம் ஒன்றே என்பதால் அங்கே பெய்த மழைக்கு இங்கே தேர்வு நகர்ந்தது. அதைவிடப் பெரிய அடி 2020 மார்ச் 17. கொரோனாவுக்காகக் கல்லூரிகள் மூடப்பட்டன. இளநிலை இறுதியாண்டு மாணவர்களே டிசம்பர் 7ஆம் தேதிதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். தேர்வுக் காலத்துக்கென்று ஏற்றிய சரக்கைப் பல கடைகளில் வந்த விலைக்குக் கொடுத்தோம்.

அதை எந்த நாட்காட்டியும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது என்பதை ஒப்புக் கொள்கிறோம். சித்திரை ஒன்று வருவதற்கு முன்பே கதவு மூடிவிட்டது. ஆனால் பங்குனி பிறக்கும்போதே தவணையைக் குறைத்திருந்தவருக்குப் பதினைந்து நாள் பாக்கிதான் நின்றிருக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் விட்டவருக்கு அத்தனையும் நின்றது. நாட்காட்டி நூற்றுக்கு நூறு பலிக்காது. மழை எப்போதும் சொன்ன நாளில் பெய்வதில்லை என்பதற்காக விவசாயி பட்டம் பார்க்காமல் விதைப்பதில்லை.

சங்கம் செய்ய வேண்டியது

கல்லூரி கல்லூரியாகப் போய்க் கையேடு கேட்பது தனிக் கடைக்காரருக்கு இயலாது. சங்கத்துக்கு இயலும். மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுதோறும் ஜூனில் அந்தந்தப் பகுதி உறுப்பினர் தம் பகுதிக் கல்லூரிகளின் கையேட்டை வாங்கிச் சங்க அலுவலகத்தில் கொடுக்கட்டும். திறக்கும் நாள், முதலாண்டு சேரும் நாள், கடைசி வேலை நாள், தேர்வு முடியும் நாள், விடுமுறைகள் ஆகியவற்றை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டு ஜூலை இதழோடு தரலாம். டிசம்பரில் ஒரு திருத்தத் தாள் போதும். கல்லாவுக்கு மேல் ஒட்டிக் கொள்ளலாம்.

இரண்டாவது, ரங்கே கவுடர் வீதி மொத்த வணிகர்கள் முதல், ஈரோடு, பொள்ளாச்சி மண்டிக்காரர்கள் வரை விடுதிக் கணக்குகளுக்கு அந்த இரண்டு புதுக்கணக்கு நாட்களையும் ஒருமித்து ஏற்க வேண்டும். ஒருவர் கேட்டு மற்றவர் விட்டுக் கொடுத்தால், பாக்கி வைத்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதுவரை நடந்தது அதுதான்.

மூன்றாவது, கல்லூரி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஒருவர் படிப்பை முடித்துப் போகும்போது நூலகம், ஆய்வகம், விடுதி எதிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதே முறையை மெஸ் ஒப்பந்ததாரருக்கும் வைக்கலாமே. உள்ளூர் மளிகை, காய்கறி, பால் பாக்கி இல்லை என்று கடிதம் கொடுத்த பிறகு அவருடைய வைப்புத்தொகையைத் திருப்பித் தரட்டும். இதற்கு அவர்கள் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஆனால் பாக்கி நிற்காத விடுதிக்கு நல்ல சரக்கும் நியாய விலையும் தொடர்ந்து கிடைக்கும் என்பதை அவர்களும் அறிவார்கள். தனித்தனியாக நாம் கேட்டால் காவலாளியோடு திரும்ப வேண்டியதுதான். சங்கம் கேட்டால் உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள்.

இன்று கைப்பேசியில் பொத்தானை அமுக்கினால் விடுதி வாசலுக்கே சாமான் வருகிறது. பெரிய கம்பெனிகளின் முதலோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் எந்தக் கல்லூரி எந்தக் கிழமை திறக்கிறது, எந்த மெஸ்ஸில் ஞாயிறு பூரி போடுவார்கள் என்பதை நாம் பக்கத்திலிருந்தே தெரிந்து கொள்ள முடியும். பக்கத்தில் இருந்தும் தெரிந்து கொள்ளாவிட்டால் குறை சொல்ல யாருமில்லை.

அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக் கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம். அதுவரை காத்திராமல் உறுப்பினர்கள் ஒன்று செய்யலாம். நாளைக் காலை கடைக்கு வரும் மாணவர் ஒருவரிடம், "தம்பி, உங்க காலேஜ் கேலண்டர் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வேலை நாளைச் சிவப்பு மையில் சுழித்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் வரும் தேதியில் பாக்கிக்காரர் பெயரை எழுதி வையுங்கள்.